தலைமயிரின் நிறமும் தகுதியின் அளவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல்கலைக்கழகப் பிரவேசத்தை எதிர்நோக்கி நிற்கும் பதினேழு வயது மாணவியொருத்தி தன் தலைமயிருக்கு நீலச் சாயம் ஊட்டிக்கொள்ள விரும்புகிறாள் என்று கொள்வோம். "இந்தக் கோலத்தோடு உன்னை எந்தக் கல்லூரி ஏற்கும்?" என்று தாய் வினவுகிறாள். "என் புள்ளிகளைப் பார்ப்பார்களா, என் தலையைப் பார்ப்பார்களா?" என்று மகள் திருப்பி வினவுகிறாள். மேலோட்டமாக நோக்குவார்க்கு இஃது அற்ப விடயம். இளமையின் ஆசைக்கும் பெற்றோரின் அச்சத்துக்கும் இடையே எழுந்த சிறு பூசல். ஆயின் சற்று நின்று சிந்திப்போமாயின் அதனுள் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடப்பதைக் காணலாம். மயிரின் நிறம் அனுமதியைப் பாதிக்குமா என்பது ஒன்று. பாதிக்கலாமா என்பது மற்றொன்று. முன்னது உலகியல் பற்றியது. பின்னது அறம் பற்றியது. முன்னதற்கு விடை தேடி அலைவோர் பலர். பின்னதை எழுப்புவோர் சிலரே.

உலகியல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவாக உள்ள விண்ணப்பப் பத்திரம் மாணவரின் புகைப்படத்தைக் கேட்பதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் போன்ற மாபெரும் அரச நிறுவனம் முதற்பட்ட வகுப்புகளுக்குப் பொதுவாக நேர்முகப் பரீட்சை நடத்துவதில்லை. அந்நாட்டின் நான்காண்டுக் கல்லூரிகளுட் பெரும்பாலானவை தமக்கு விண்ணப்பிப்போரில் அரைவாசிக்கு மேற்பட்டோரை ஏற்றுக்கொள்கின்றன. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் பெருந்தொகையாகச் சேரும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளோ உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடித்தோருக்குப் பொதுவாக வாயிலைத் திறந்தே வைத்துள்ளன. நேர்முகப் பரீட்சை வைக்கும் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் அதனை நடத்துவோர் பெரும்பாலும் பழைய மாணவர்களான தொண்டர்களே. அவர்கள் எழுதும் குறிப்பு, கோவையிலுள்ள பல பத்திரங்களுள் ஒன்று மாத்திரமே. எனவே, நீல மயிரினால் வாயில் அடைபட்டுவிடும் என்னும் அச்சம் பெரிதும் ஆதாரமற்றது என்றே கூறவேண்டும்.

இவ்வளவோடு விடயம் முடிந்ததாயின் நாம் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் விண்ணப்பக் கோவையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். அதில் மாணவியின் புகைப்படம் இல்லை. அவளைப் பற்றி ஆசிரியர் எழுதிய சிபாரிசுக் கடிதம் இருக்கிறது. பாடசாலையின் ஆலோசகர் எழுதிய மதிப்புரை இருக்கிறது. அனுமதி அலுவலர் அவளது தலையைக் கண்டதில்லை. ஆனால் அத்தலையை நாள்தோறும் கண்டு வந்த ஒருவரின் எழுத்தை அவர் வாசிக்கிறார். "கெட்டிக்காரி, ஆயினும் பொறுப்புணர்ச்சி போதாது" என்று அக்கடிதம் கூறுமாயின், அவ்வசனத்துக்குள்ளே நீல நிறம் கலந்திருக்கிறதா, இல்லையா என்பதை எந்த அலுவலராலும் பிரித்தறிய இயலாது. எழுதியவரே அதனை அறியாதிருத்தலுங் கூடும். மயிரின் நிறம் புகைப்படத்தின் வழியாகச் செல்லாவிட்டாலும், ஆசிரியனின் பேனா வழியாகச் செல்லக்கூடும். ஆதலின் ஆசிரியத் தொழில் புரியும் நாம் இவ்வினாவைப் பிறர் வீட்டுப் பூசல் என்று தள்ளிவிட முடியாது.

இவ்வாறு புள்ளிகளுக்கு அப்பால் 'குணம்', 'ஆளுமை' என்பவற்றையும் அளக்க வேண்டும் என்ற வழக்கம் அமெரிக்காவில் எவ்வாறு வேரூன்றியது? ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1920களின் தொடக்கத்தில் அங்கு புதிதாகச் சேர்ந்த மாணவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் யூதர். பரீட்சையில் அவர்கள் திறமையாகச் சித்தியெய்தினர். அன்றைய தலைவர் லோவல் இதனைக் கண்டு கலங்கி, யூத மாணவரின் தொகைக்கு ஓர் எல்லை விதிக்க 1922இல் முயன்றார். வெளிப்படையான அம்முயற்சி கடும் எதிர்ப்புக்குள்ளாகித் தோல்வியுற்றது. அதன்பின் வேறு வழி பிறந்தது. விண்ணப்பதாரியின் பெயரோ தந்தையின் பெயரோ பிறப்பிற்குப் பின் மாற்றப்பட்டதா என்ற கேள்வி விண்ணப்பப் பத்திரத்தில் நுழைந்தது. 1926 அளவில் புகைப்படம் கேட்கப்பட்டது. 'குணம்' என்பது தகுதியின் ஓர் அங்கமாயிற்று. யூத மாணவரின் விகிதமும் வீழ்ந்தது. குணத்தைப் போற்றும் கல்வி உயர்ந்தது என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அந்த உயர்ந்த சொல், வெளியே சொல்லக் கூசும் ஒரு நோக்கத்துக்குத் திரையாகப் பயன்பட்டது என்பது வரலாறு காட்டும் உண்மை.

அத்திரை முற்றாக அகன்றுவிட்டது என்று கூறுவதற்கில்லை. அதே பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2014இல் தொடுக்கப்பட்டு 2018இல் விசாரணைக்கு வந்த வழக்கிலே, விண்ணப்பதாரிகளின் ஆளுமைக்கு அலுவலர் எண்களால் மதிப்பிடும் முறை வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிய வழிவந்த மாணவருக்கு அம்மதிப்பீட்டிற் சராசரியாகக் குறைந்த நிலையே கிடைத்திருந்தது. நேரிற் கண்டு உரையாடிய பழைய மாணவர்களோ அவர்களை வெள்ளை மாணவருக்கு ஏறக்குறைய நிகராகவே மதித்திருந்தனர். 2019இல் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றம் வேண்டுமென்றே பாரபட்சம் காட்டப்பட்டதாகக் கொள்ளவில்லை. ஆயினும் ஆசிரியர்களும் ஆலோசகர்களும் எழுதிய கடிதங்கள் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகலாம் என்பதை அது குறிப்பிட்டது. உயர் நீதிமன்றம் 2023இல் அளித்த தீர்ப்பு, அனுமதியில் இனத்தைக் கருத்திற் கொள்ளும் முறை பற்றியது. அது வேறொரு பெரும் விவாதம். நமது விடயத்துக்கு வேண்டியது இதுவே: 'நல்ல ஆளுமை' என்னும் அளவுகோல் எங்கோ ஓரிடத்தில் மனிதனொருவனின் கண்ணால் அளக்கப்படுகிறது. அந்தக் கண்ணுக்குப் பழகிய தோற்றம் குணமாகத் தெரியும். பழகாத தோற்றம் குறையாகத் தெரியும்.

அது எல்லோரையும் ஒரே விதமாகப் பார்ப்பதுமில்லை. செல்வந்தர் வீட்டு மகள் நீல மயிரோடு வரின் அது தனித்துவம்; கலையுள்ளத்தின் வெளிப்பாடு. கூலித் தொழிலாளியின் மகள் அதே நிறத்தோடு வரின் அது கட்டுப்பாடின்மை. தீய சகவாசத்தின் அடையாளம். கறுப்பின மாணவருக்கோ சாயம் பூசாமலே இந்த இடர் உண்டு. தாம் பிறந்தபோதே பெற்ற சுருள்மயிரை அவர்கள் தம் மரபுப்படி பின்னிக்கொள்வதே பாடசாலைகளிலும் தொழிலிடங்களிலும் குற்றமாகக் கருதப்பட்டு வந்தமையால், அத்தகைய பாரபட்சத்தைத் தடைசெய்யும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2019இல் இயற்ற வேண்டியதாயிற்று. தலைமயிர் சிறு விடயமெனின், அதற்கெனச் சட்டம் எதற்கு?

மயிரின் நிறம் பிரவேசத்தை நேரடியாகவே தடுத்த சம்பவமொன்றும் உண்டு. அது நிகழ்ந்த நாடு யப்பான். அங்கே பதினைந்து வயதளவில் மாணவர் மேல்நிலைப் பாடசாலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதிச் சேர்கின்றனர். கனகாவா மாநிலத்தின் அரச மேல்நிலைப் பாடசாலையொன்றில், அறிவிக்கப்பட்ட விதிகளின்படி சித்தியெய்தியிருக்க வேண்டிய 22 மாணவர், 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளுக்குரிய பிரவேசத் தெரிவுகளிலே தோற்றம் காரணமாக நிராகரிக்கப்பட்டமை 2008 ஒக்டோபரில் வெளியாயிற்று. விண்ணப்பம் கொடுக்க வந்தபோதும் பரீட்சைக்கு வந்தபோதும் ஆசிரியர்கள் அவர்களை நோட்டமிட்டுக் குறிப்பெடுத்திருந்தனர். சாயமிட்ட மயிர், மழித்த புருவம், ஆடையின் கோலம் போன்றவை குறிக்கப்பட்டன. இவ்வளவுகோல் எந்த அறிவித்தலிலும் இடம்பெறவில்லை. அதிபர் அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஆனால் கல்விச் சபைக்கு வந்து குவிந்த பொதுமக்களின் கருத்துக்களிற் பெரும்பாலானவை அதிபருக்குச் சார்பாகவே இருந்தன.

அம்மக்களை அறியாதோர் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அவர்களது வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்போம். அது ஒழுங்குப் பிரச்சினைகள் மலிந்த பாடசாலை. குழப்பம் விளைவிக்கும் சிலரைக் கட்டுப்படுத்துவதிலேயே ஆசிரியரின் பொழுது கழியுமாயின், கற்க வந்த ஏனையோர் நட்டமடைகின்றனர். பரீட்சை நாளிலேனும் ஒழுங்காக வரத் தெரியாதவன் பின்னர் எவ்வாறு ஒழுகுவான்? நிறைந்த வகுப்பறையில் நின்று தொண்டை வரளக் கத்திய அனுபவமுடைய எந்த ஆசிரியனும் இவ்வாதத்தைக் கேட்டு நகைக்க மாட்டான்.

எனினும் இவ்வாதம் மூன்று இடங்களில் நொறுங்குகிறது. முதலாவது, அது ஒழுக்கத்தை அளக்கவில்லை. ஒழுக்கத்தைப் பற்றிய ஊகத்தை அளந்தது. அம்மாணவர் வகுப்பிலே குழப்பம் செய்தமை காணப்படவில்லை. செய்வர் என்று கருதப்பட்டது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை விதிக்க எந்த நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை. பாடசாலைக்கு மாத்திரம் அது எங்கிருந்து வந்தது? இரண்டாவது, வழி தவறக்கூடும் என்று அஞ்சப்படும் பிள்ளைக்கே பாடசாலை மிகவும் வேண்டப்படுகிறது. நோயாளியைப் போல் தோன்றுகிறான் என்று வைத்தியசாலை ஒருவனைத் திருப்பியனுப்புமாயின் அதனை என்னென்று சொல்வது? மூன்றாவது, அவ்வளவுகோல் மறைத்து வைக்கப்பட்டது. ஜேர்மானிய ஞானி இம்மானுவேல் கான்ற், நிரந்தர சமாதானம் பற்றி 1795இல் எழுதிய நூலில் ஒரு சோதனையை வகுத்தார். பிறருடைய உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கத்தை வெளியே சொல்ல முடியாதாயின், அச்செயல் நீதியற்றது என்பது அதன் கருத்து. 'சாயமிட்ட மயிருடையோர் சேர்க்கப்படார்' என்று அப்பாடசாலை முன்கூட்டியே அறிவித்திருப்பின், அப்பிள்ளைகள் ஒரு போத்தல் கறுப்புச் சாயத்தால் தம் எதிர்காலத்தைக் காத்திருப்பர். அறிவிக்காமையால் அவர்கள் தாம் ஏன் தோற்றோம் என்பதைக் கூட அறியாமற் போயினர். தம் அறிவே குறைவு என்று அவர்கள் எண்ணியிருக்கவும் கூடும். இதனினும் பெரிய கொடுமை யாது?

அப்படியாயின் பகிரங்கமாக அறிவித்துவிட்டால் எவ்விதியும் நீதியாகிவிடுமோ? அதுவுமன்று. யப்பானிலேயே ஒசாக்கா மாநிலத்தில் வேறொரு வழக்கு எழுந்தது. தன் மயிர் பிறவியிலேயே கபில நிறமானது என்றும், அதனைக் கறுப்பாக்குமாறு பாடசாலை மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது என்றும் மாணவியொருத்தி 2017இல் வழக்குத் தொடுத்தாள். அவள் வருகையை நிறுத்திய பின்னர் வகுப்பறையிலிருந்து அவளது இருக்கையும் வகுப்புப் பட்டியலிலிருந்து அவளது பெயரும் அகற்றப்பட்டமைக்காக 2021 பெப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் 330,000 யென் இழப்பீடு விதித்தது. ஆயினும் சாயத்தைத் தடுக்கும் விதியையும், அதன்படி ஆசிரியர் நடந்துகொண்டதையும் அது சட்டவிரோதமெனக் கொள்ளவில்லை. தோக்கியோவின் அரச மேல்நிலைப் பாடசாலைகள் பலவற்றில், மயிர் நேரான கறுப்பாக இல்லாதவர் அது இயற்கையானதே என்று பெற்றோர் ஒப்பமிட்ட பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. மயிர் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்ற விதியை அந்நகரின் அரச பாடசாலைகள் 2022 ஏப்பிரிலில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து கைவிட்டன.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தல் வேண்டும். 'சாயம் பூசாதே' என்று தொடங்கிய விதி, கபில மயிருடைய பிள்ளையிடம் 'சாயம் பூசு' என்பதில் வந்து முடிந்தது. எனவே அவ்விதி காக்க முயன்றது இயற்கையையன்று. ஒருமாதிரியான தோற்றத்தையே அது காத்தது. இன்னொன்றும் உண்டு. நேர்முகப் பரீட்சை மேசைக்கு அப்பால் வீற்றிருக்கும் பெரியவர்களின் தலைகளைப் பாருங்கள். அவர்களுட் பலர் நரையை மறைக்கக் கறுப்புச் சாயம் பூசியவர்கள். வேதியியல் முறையில் ஆக்கப்பட்ட மயிர்ச்சாயத்தைப் பிரான்சிலே யூஜீன் ஷூலர் என்பவர் 1907இல் தயாரித்தார். 1956இல் கூட, சாயம் பூசியது பிறருக்குத் தெரியாது என்று உறுதியளித்தே அமெரிக்க விளம்பரமொன்று பெண்களிடம் சாயத்தை விற்றது. அன்று மறைக்க வேண்டியதாயிருந்தது இன்று மரியாதைக்குரியதாயிற்று. முதியவர் தம் வயதை மறைக்கப் பூசுவது துப்புரவு. இளையவர் தம் வயதைக் காட்டப் பூசுவது ஒழுங்கீனம் என்றால், இரண்டையும் வேறுபடுத்துவது யாது? அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குத் தென்படவில்லை.

தமிழாசிரியர்கள், மாணவன் கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கக் கண்டால், நாலடியாரில் கல்வியதிகாரத்தின் முதற் பாட்டை நினைவூட்டுவது வழக்கம். மயிரழகு அழகன்று, கல்வியழகே அழகு என்பது அதன் பொருள். அப்பாட்டு மாணவனுக்கு மாத்திரமா கூறப்பட்டது? மயிரின் அழகு தகுதியாகாதெனின், மயிரின் அலங்கோலமும் தகுதியின்மையாகாது. ஒன்றை ஏற்று மற்றதை மறுத்தல் பொருந்தாது. மேலும், கல்வி ஏன் அழகென்பதற்கு அப்பாட்டுக் காட்டும் காரணம் நடுவு நிலைமை. அஃதாவது, பக்கஞ் சாயாத உள்ளத்தைத் தருவதனாலேயே கல்வி அழகாகிறது. மயிரைக் கண்டு மாணவனை அளப்பவன் அந்த நடுவு நிலைமையையே இழந்துவிடுகிறான். கற்பவன் கோலத்தினால் அழகிழந்தானோ இல்லையோ, கற்பிப்பவன் அளவினால் அழகிழக்கிறான்.

நமது நாட்டில் அரச பல்கலைக்கழகப் பிரவேசம் உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியைக் கொண்டு, பெரும்பாலும் மாவட்ட அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது. விடைத்தாளுக்குத் தலைமயிர் இல்லை. அது சுட்டெண்ணை மட்டுமே சுமந்து செல்கிறது. இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் முகங் காணாமை மாத்திரமே நீதியாகிவிடாது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது எந்த மாணவனின் முகமும் பார்க்கப்படவில்லை. அவன் எழுதிய மொழி பார்க்கப்பட்டது. தவிரவும், பாடசாலையை விட்டு நீங்கும் மாணவனின் நடத்தையைப் பற்றி நாமே சான்றிதழ் எழுதுகிறோம். அதனைக் கையிற்கொண்டே அவன் தொழில் தேடிச் செல்கிறான். அமெரிக்க ஆசிரியரின் சிபாரிசுக் கடிதத்தை நோக்கி நாம் எழுப்பும் வினா, அச்சான்றிதழை எழுதும் நம் கையையும் நோக்கித் திரும்புகிறது.

இனி, எதிர்வாதமொன்றுக்கு விடையிறுத்தல் வேண்டும். உலகம் தோற்றத்தைக் கண்டே மதிக்கிறது. நாளை தொழில் கொடுப்பவனும் அவ்வாறே மதிப்பான். ஆதலின் பிள்ளையை இன்றே பழக்குதல் அன்பன்றோ என்பர். உலகம் அவ்வாறிருப்பது உண்மை. அவ்வுண்மையைப் பிள்ளைக்கு மறைத்தல் வஞ்சனையே ஆகும். ஆனால் 'உன்னைச் சிலர் தவறாக மதிக்கக்கூடும்' என்று எச்சரிப்பது ஒன்று. 'நீ தவறானவள்' என்று தீர்ப்பளிப்பது வேறொன்று. முன்னதைச் சொல்பவன் பிள்ளையின் பக்கத்தில் நின்று உலகத்தைச் சுட்டிக்காட்டுகிறான். பின்னதைச் சொல்பவன் உலகத்தின் பக்கத்தில் நின்று பிள்ளையைச் சுட்டுகிறான்.

மயிர்ச்சாயத்தை ஒரு புரட்சியாகப் போற்றுதலும் நமது கருத்தன்று. கிளர்ச்சியுணர்ச்சியையும் போத்தலில் அடைத்து விலைக்கு விற்கும் வணிகம் இது. நீல மயிரால் எந்த ஏழையின் அடுப்பும் எரிவதில்லை. தன் தனித்துவம் முழுவதும் தலைமேல் உள்ளது என்று ஒரு பெண் எண்ணுவாளாயின், அதனை அவளோடு உரையாடித் திருத்த ஆசிரியனுக்கு உரிமையுண்டு. ஆனால் உரையாடும் உரிமை வேறு, வாயிலை அடைக்கும் உரிமை வேறு. அற்பமான விருப்பத்துக்கும் உரிமை உண்டு. அது பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அதற்காகக் கல்வியை விலையாகக் கேட்க எவருக்கும் இடமில்லை.

ஆகவே, தாய்க்கும் மகளுக்கும் நாம் கூறத்தக்க விடை இதுவாகும். தாய் அஞ்சுமளவுக்கு மயிரின் நிறம் வாயிலில் நின்று மறிப்பதில்லை. மகள் நம்புமளவுக்கு வாயில் குருடாகவும் இல்லை. அவ்விரண்டிற்கும் இடையே ஆசிரியனின் மேசை இருக்கிறது. அதன்மேல் வெற்றுத்தாள் ஒன்று இருக்கிறது. அதில் எழுதும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு கேள்விகளால் அவன் சோதித்துப் பார்த்தல் வேண்டும். இச்சொல்லை அம்மாணவியின் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட என்னால் இயலுமா? அவள் செய்த எந்தச் செயல் இதற்குச் சான்று? இரண்டுக்கும் விடை கிடைக்குமாயின் அவன் எழுதட்டும். கிடைக்காதாயின் அச்சொல்லைத் தாளில் இடாது விடுதலே அவன் கற்ற கல்விக்கு அழகு.